மேலைக்காற்று வந்த வழி

ஆனி மாத நண்பகலில் தருமபுரம் யாழ்மூரிநாதர் கோயில் தெருவில் நின்று பாருங்கள். தென்னை மட்டைகள் எல்லாம் கிழக்கே வாரிவிட்ட தலைமுடி போல ஒரே பக்கமாக நீண்டு கிடக்கும். காரைக்கால் நகரம் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டினால் வங்கக் கடல். கடல் இவ்வளவு அருகில் இருந்தும் முகத்தில் அடிப்பது உலர்ந்து, சுட்டு, புழுதி வாரி வரும் மேலைக்காற்று.

சம்பா அறுத்த வயல்களில் மாசி, பங்குனி வாக்கில் பருத்தி போட்டிருந்தார்கள். இப்போது காய் வெடிக்கும் காலம். புடவைத் தலைப்பால் தலையையும் காதையும் இறுகச் சுற்றிக்கொண்டு, மடியில் பஞ்சைச் சேர்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"மேலக்காத்து தம்பி. வெடிச்ச பஞ்சு காயில நிக்க மாட்டேங்குது. பொழுதுக்குள்ள எடுக்கலேன்னா மண்ணுல விழுந்து சருகு ஒட்டிக்கும், வெலை போவாது. ராத்திரி அடங்கும், வெயில் ஏறினா மறுபடியும் புடிச்சுக்கும்."

"எங்கேருந்தும்மா வருது இது?"

"மேக்கேருந்துதான். திருச்சி, கரூர்னு அந்தப் பக்கம்."

அவர் சொன்னது சரி. ஆனால் கரூர் இந்தக் காற்றுக்கு நடுவழி. அது புறப்பட்ட இடம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, வேறொரு பருவம் நடக்கும் கடலில் இருக்கிறது. அங்கிருந்து அதன் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பிறந்த இடம்

மடகாஸ்கருக்குக் கிழக்கே ரீயூனியன், மொரீஷியஸ் தீவுகள் உள்ள கடற்பரப்பை மஸ்கரீன் பகுதி என்பார்கள். நமக்கு ஆனி, ஆடி என்றால் அங்கே குளிர்காலம். குளிர்ந்த காற்று கனத்து மேலிருந்து இறங்கி, கடல் மட்டத்தில் குவிந்து, பெரிய உயர் அழுத்தப் பகுதியாக நிற்கிறது. வானிலையாளர்கள் அதை மஸ்கரீன் உயர் அழுத்தம் என்கிறார்கள்.

இறங்கும் அந்தக் காற்று முன்பு ஏறிய காற்றுதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் வெயில் மிகுதி; அங்கே சூடேறிய காற்று இலேசாகி மேலெழுகிறது, உயரத்தில் வடக்கும் தெற்குமாகப் பிரிந்து நகர்கிறது, ஏறக்குறைய 30 பாகை அட்சரேகைப் பக்கம் கீழே இறங்குகிறது. இறங்கியது மீண்டும் நிலநடுக்கோட்டை நோக்கி ஓடுகிறது. மாலுமிகளின் குறிப்புகளைத் திரட்டி உலகக் கடற்காற்றுகளுக்கு 1686-இல் வரைபடம் போட்டவர் எட்மண்ட் ஹாலி. பூமி சுழல்வதால்தான் இந்தக் காற்று நேராக ஓடாமல் சாய்ந்து ஓடுகிறது என்று 1735-இல் எடுத்துச் சொன்னவர் ஜார்ஜ் ஹாட்லி. வழக்கறிஞராக இருந்துகொண்டே வானத்தைக் கவனித்தவர் அவர். ஏறி, நகர்ந்து, இறங்கி, திரும்பும் அந்தச் சுழற்சிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

தெற்கே காற்று குவிந்து கிடக்கும் இதே நாட்களில் வடக்கே ராஜஸ்தான், சிந்து, பஞ்சாப் சமவெளிகள் கொதிக்கின்றன. அங்கே காற்று இலேசாகி மேலே போய்விட, அழுத்தம் தாழ்கிறது. திபெத்தியப் பீடபூமியின் வெப்பமும் உயரே சேர்ந்துகொள்கிறது. மேட்டு மடையைத் திறந்தால் தண்ணீர் பள்ளத்து வயலுக்கு ஓடுவது காவிரி டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மஸ்கரீன் கடல் மேடு, வடமேற்கு இந்தியா பள்ளம். காற்று ஓடத் தொடங்குகிறது.

ரீயூனியன் என்ற பெயர் காரைக்காலுக்கு அந்நியமானதல்ல. 1739 முதல் 1954 வரை காரைக்கால் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஏழைத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் ரீயூனியனில் கோயில் கட்டி, காவடி எடுத்து, தீமிதித்து வாழ்கிறார்கள். தருமபுரத்துத் தென்னையை அசைக்கும் காற்று, காரைக்காலிலிருந்து போனவர்களின் தீவைச் சுற்றிய கடலில் புறப்பட்டு வருகிறது என்பதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வளைந்த வழி

புறப்படும்போது இது தென்கிழக்குக் காற்று. தெற்கு அரைக்கோளத்தில் பூமியின் சுழற்சி ஓடும் காற்றை இடப்பக்கம் திருப்பும். வடக்கு அரைக்கோளத்தில் வலப்பக்கம். ஆகவே ஆப்பிரிக்கக் கரையை நோக்கி வரும் காற்று, நிலநடுக்கோட்டைக் கடந்ததும் வலப்பக்கம் வளைந்து தென்மேற்குக் காற்றாகிறது. பெயரும் திசையும் நடுக்கடலில் மாறிவிடுகின்றன.

அந்த வளைவுக்குக் கிழக்கு ஆப்பிரிக்க மலைகளும் காரணம். கென்யா, எத்தியோப்பியா மேட்டு நிலங்கள் மேற்கே சுவர் போல நிற்பதால் காற்று அந்தப் பக்கம் பரவ முடியாமல் நெருங்கி, சோமாலியக் கரையோரமாக வேகம் எடுக்கிறது. தரையிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் அதன் நடு ஓட்டம் இருக்கும். அங்கே வினாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தையும் அது தொடும். பிரிட்டிஷ் வானிலையாளர் ஃபின்ட்லேட்டர் 1960-களில் இதை ஆராய்ந்து விளக்கினார். ஃபின்ட்லேட்டர் தாரை என்று அறிவியலார் இதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஆராய்ச்சிக்கு வெகு காலம் முன்பே கப்பலோட்டிகள் இந்தக் காற்றில் ஏறிச் சவாரி செய்திருக்கிறார்கள். யவனர் மிளகுக்காக முசிறிக்கு வந்ததும், அரபு வணிகர் மேலைக்கரைக்கு வந்ததும் இதன் முதுகில்தான். நம் டெல்டாவிலும் அதற்கு ஒரு சாட்சி உண்டு. வெண்ணிப் போரை ஒட்டிக் கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், கடலில் காற்றின் போக்கை அறிந்து கலம் செலுத்தியவனின் வழிவந்தவன் என்று அவனைப் புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் போற்றுகிறார். காற்றை ஆளுவது என்றால் அதன் வழியை அறிந்து நடப்பது என்ற தெளிவு, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே குயவர் குலத்துப் பெண்புலவர் ஒருவருக்கு இருந்திருக்கிறது.

மலை வாங்கிக்கொண்ட ஈரம்

அரபிக் கடலைக் கடக்கும்போது காற்று கடல் நீரைக் குடித்துக்கொண்டே வருகிறது. ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளக் கரையில் ஏறும் நேரத்தில் அது ஈரம் நிறைந்த சுமை. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை: வடபக்கம் 2,637 மீட்டர் தொட்டபெட்டா, தென்பக்கம் 2,695 மீட்டர் ஆனைமுடி. மலையில் ஏறுகிற காற்று குளிர்கிறது, குளிர்ந்தால் ஈரம் நிற்காது, மழையாகக் கொட்டிவிடுகிறது. பெய்து தீர்ந்த காற்று மலையின் கிழக்குச் சரிவில் இறங்குகிறது. இறங்கும் உலர்ந்த காற்று கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறும். ஈரமாக ஏறியபோது அந்த அளவு குளிரவில்லை. அதனால் மேற்கே இருந்ததைவிடச் சூடாகவும் உலர்ந்தும் கிழக்கே வந்து சேர்கிறது. பருத்தி எடுக்கும் அம்மாள் காதைப் பொத்திக்கொள்வதற்குக் காரணம் இந்த இறக்கம்.

ஈழத்தின் மட்டக்களப்பிலும் இதே கதைதான். இலங்கையின் மத்திய மலைநாடு ஈரத்தை வாங்கிக்கொள்ள, கீழைக்கரைக்கு உலர்ந்து வரும் காற்றைக் கச்சான் என்பார்கள். நம் சோழ மண்டலக் கரை மீனவர்களும் கச்சான் என்றே சொல்கிறார்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்தவர்களுக்குக் காற்று வெறும் காற்றாக இருந்ததில்லை.

பெயர் வைத்தவர்களைப் போலக் காற்றை அளந்துவைத்தவரும் உண்டு. மலையின் மறுபக்கத்துப் பீர்மேட்டில் 1918-இல் பிறந்தவர் அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். இந்திய வானிலை ஆய்வுத் துறையில் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வைத்தவர் அவர். 1976-இல் ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. நாடெங்கும் காற்றின் வேகத்தை அளக்கும் பெரும்பணியை வழிநடத்தினார். இந்தியாவின் காற்றாற்றல் பற்றிய அவருடைய தரவு நூல் 1983-இல் வந்தது. எந்த ஊரில் எந்த மாதம் எவ்வளவு காற்று என்று ஒருவர் பொறுமையாக அளந்து எழுதிவைத்ததால்தான், எங்கே காற்றாலை நட வேண்டும் என்று நம்மால் சொல்ல முடிந்தது.

கணவாயில் கிடைத்த வலு

மலைச்சுவரில் பெரிய வாசல் ஒன்று இருக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான பாலக்காட்டுக் கணவாய். அதற்குத் தெற்கே செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள். மலை தடுத்த காற்றெல்லாம் இந்த வாசல்களில் நெருக்கியடித்துப் புகுந்து வேகம் பெறுகிறது.

வேகத்தின் அருமை காற்றாலைக்குத்தான் தெரியும். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் கன அளவில் கூடுகிறது. வினாடிக்கு 6 மீட்டர் வேகக் காற்றைவிட 12 மீட்டர் வேகக் காற்றில் ஆற்றல் எட்டு மடங்கு. கொஞ்சம் மந்தமான ஊருக்கும் கணவாய் ஊருக்கும் உள்ள இடைவெளி நாம் நினைப்பதைவிட மிகப் பெரியதாக இருப்பது இந்தக் கணக்கினால்தான். வினாடிக்கு 3 மீட்டர் வேகம் கிடைத்தால் பெரும்பாலான காற்றாலைகள் சுற்றத் தொடங்கும்; 12 மீட்டர் வாக்கில் முழுத் திறனைத் தொடும்; 25 மீட்டரைத் தாண்டினால் இறக்கைகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டித் திருப்பி நிறுத்திவிடும்.

1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் திறனுள்ள சிறு இயந்திரங்களோடு தமிழ்நாட்டின் காற்றாலைப் பண்ணை தொடங்கியது. பிறகு முப்பந்தல், கயத்தாறு, பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி, கேத்தனூர், தேனி என்று கணவாய்களின் வாயெல்லாம் கோபுரங்கள் எழுந்தன. கோயம்புத்தூர் நூற்பாலைகளும் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களும் தங்களுக்கென்று சொந்தக் காற்றாலைகளை நட்டன. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். நல்ல ஆடி நாள் ஒன்றில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் காற்றிலிருந்தே கிடைத்ததுண்டு.

பஞ்சை மண்ணில் தள்ளும் காற்றுக்கும் பஞ்சை நூலாக்கும் ஆலைகளின் மின்சாரத்துக்கும் மூலம் ஒன்றுதான். தருமபுரத்து அம்மாளின் மடியிலிருந்து புறப்படும் பஞ்சு என்றோ ஒரு நாள் இதே காற்று சுழற்றும் கதிரில் ஏறலாம்.

தருமபுரத்தில்

பாலக்காட்டுக் கணவாயும் காரைக்காலும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 11 பாகைக்குச் சற்றே தெற்கில் இருக்கின்றன. கோயம்புத்தூர், கரூர், திருச்சி, தஞ்சாவூர் என்று காவிரிச் சமவெளி வழியாக நேர்கிழக்கே 350 கிலோமீட்டர் போல. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 14 மணி நேரம். நேற்றிரவு கணவாயைக் கடந்த காற்றுதான் இன்று நண்பகலில் இந்தப் பருத்தி வயலில் அடிக்கிறது.

வரும் வழியில் அது அகன்று பரவிவிட்டது. மரம், வீடு, வரப்பு என்று உராய்ந்து தரையோரம் வேகம் குறைந்துவிட்டது. இரவில் தரை குளிரும்போது மேலே ஓடும் காற்று கீழே கலப்பதில்லை, அதனால்தான் அது அடங்குவது போலத் தெரிகிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் மேற்காற்றும் கீழ்க்காற்றும் கலந்து மறுபடி பிடித்துக்கொள்கிறது. அம்மாள் சொன்னது அப்படியே அறிவியல். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரப் பார்க்கும். மேலைக்காற்று வலுத்த நாளில் அது தாமதமாகும், ஊர் வெந்துபோகும். மேலைக்காற்று தளர்ந்தால் மூன்று மணிக்குள் கடற்காற்று வந்து உடம்பை ஆற்றும்.

காரைக்காலில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறை நிலையத்திலிருந்து கருவி கட்டிய பலூனை வானில் விடுகிறார்கள். வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகி மறையும் அது, எந்த உயரத்தில் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகம் என்று சொல்லிக்கொண்டே ஏறுகிறது. தேசியக் காற்றாற்றல் நிறுவனம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிறது. 100 மீட்டர் உயரத்துக்கு அது போட்ட கணக்கில் தமிழ்நாட்டுக்கு 33,800 மெகாவாட் வாய்ப்பு. காரைக்காலையும் சேர்த்துப் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு 153 மெகாவாட். சின்ன நிலப்பரப்பு, மலையிலிருந்து தள்ளிய இடம். அதற்குரிய அளவுதான் அது.

இந்த ஊர்க் கோயிலின் கதை எல்லாருக்கும் தெரியும். ஞானசம்பந்தரின் பதிகங்களுக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர் தருமபுரம். யாழின் சிறப்பால்தான் சம்பந்தர் பதிகம் பொலிகிறது என்று பாணரின் உறவினர்கள் சொல்ல, யாழில் அடங்காத பதிகம் ஒன்றைச் சம்பந்தர் இங்கே பாடினார். நரம்பில் அது அமையாதது கண்டு யாழையே முறிக்கப் பாணர் ஓங்க, சம்பந்தர் தடுத்தார் என்பது வரலாறு. இறைவன் யாழ்மூரிநாதர் ஆனார்.

காற்றாலைக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. தன்னைக் கடக்கும் காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-இல் நிறுவினார். முழுதும் எடுத்தால் காற்று அங்கேயே நின்றுவிடும். பின்னால் வரும் காற்றுக்கு வழி இராது. கருவிக்குள் முழுப்பாட்டும் அடங்காது என்று தெரிந்த பிறகும் பாணர் யாழை விடவில்லை. நாமும் அடங்கும் அளவையாவது ஒழுங்காக எடுத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும் காற்று

தருமபுரத்தைக் கடந்த காற்று கடலுக்குள் போகிறது. வங்கக் கடலில் மறுபடி ஈரம் குடித்து, வங்காளத்துக்கும் பர்மாவுக்கும் மழையாகிறது. புரட்டாசி கழிந்ததும் வடக்கே நிலம் குளிர, மேடும் பள்ளமும் இடம் மாறுகின்றன. ஐப்பசியில் தருமபுரத்துத் தென்னைகள் மேற்கே திரும்புகின்றன. வாடை வந்துவிட்டது, சம்பாவுக்கு மழையும் கூடவே வருகிறது.

அந்தப் பருவத்தில் காற்றின் மறுமுகத்தையும் இந்தக் கரை பார்த்திருக்கிறது. 2008 நவம்பர் 27-இல் நிஷா புயல் காரைக்காலுக்கு அருகே கரை கடந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் ஏறி டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்தது. காற்றாலை சுற்றும் எல்லையான வினாடிக்கு 25 மீட்டர் என்பது மணிக்கு 90 கிலோமீட்டர்தான். வேகம் கூடக்கூட நல்லது என்ற கணக்கு அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. இன்று காரைக்காலில் உள்ள டாப்ளர் ரேடார் அந்தக் காற்றுகளுக்குக் காவல் நிற்கிறது.

தை மாதத்தில் வாடை நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போகிறது. வந்த கடலின் பக்கமே போகிறது.

செய்ய வேண்டியது

ஒரு வார கால ஓட்டத்தில் 7,000 கிலோமீட்டர் போலக் கடந்து, கட்டணம் கேட்காமல், எந்தச் சுரங்கத்தையும் தோண்டாமல் வருகிறது இந்த ஆற்றல். அது வைகாசி முதல் புரட்டாசி வரைதான் மிகுதி. மிகுதியாக வரும் நாட்களில் எடுத்துவைக்க இடம் இருக்க வேண்டும்.

ஆனைமலையில் கடம்பாறை 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து அந்த வேலையைச் செய்யும் ஆற்றல் உள்ளது: மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாற்றிலிருந்து தண்ணீரை மலை மேல் ஏற்றுவது, தேவைப்படும்போது இறக்கி மின்சாரமாக்குவது. நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்டது. காற்று நன்றாக வீசும் கணவாய் வாய்களில் முதலில் நட்ட பழைய சிறு இயந்திரங்கள் பல இன்னும் இடத்தைப் பிடித்து நிற்கின்றன. 55 கிலோவாட் இயந்திரங்கள் 36 செய்யும் வேலையை இன்றைய 2 மெகாவாட் இயந்திரம் ஒன்று செய்யும். பழையவற்றைப் புதுப்பிக்கத் தமிழ்நாடு அரசு 2024-இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அது ஏட்டோடு நின்றுவிடக் கூடாது.

டெல்டாக்காரர்களுக்கு இது வெளியூர்ச் செய்தி என்று தோன்ற வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்து மேட்டூரில் தேங்கும் தண்ணீருக்காக நாம் நாள்தோறும் கணக்குப் பார்க்கிறோம். அதே மலையைத் தாண்டி வரும் காற்றுக்கும் கணக்குப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் பெயரோடும் காரணத்தோடும் தெரியட்டும். அடுத்த ஆனியில் அந்த அம்மாளைப் பார்த்தால் நான் சொல்லப்போவது இதுதான்: கரூருக்கும் அப்பால், பாலக்காட்டுக்கும் அப்பால், நம் ஊர்ச் சனங்கள் போய்ச் சேர்ந்த தீவுக் கடலிலிருந்து வருகிறது அம்மா இந்தக் காற்று.